ஓர்க்னியின் மூன்று இயந்திரங்கள்: பிரிட்டனின் மின்சந்தைச் சீர்திருத்தம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து பென்ட்லாந்து நீரிணையைக் கடந்தால் ஓர்க்னித் தீவுகள். சுமார் 70 தீவுகள். ஆட்கள் குடியிருப்பவை 20 சொச்சம். மக்கள்தொகை 22,000 அளவில். மரம் நிமிர்ந்து வளர விடாத காற்று வீசும் ஊர். அட்லாண்டிக் கடலும் வட கடலும் இந்தத் தீவுகளின் இடுக்குகளில் புகுந்து ஏறி இறங்குவதால், நம் கடலோடிகள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இங்கே காட்டாறு போல ஓடுகிறது.

1951-இலேயே இங்குள்ள கோஸ்டா ஹெட் முனையில் 100 கிலோவாட் காற்றாலை ஒன்று நின்றது. குவீன் மேரி கப்பலைக் கட்டிய ஜான் பிரவுன் நிறுவனம் செய்தது அது. நீடித்து ஓடவில்லை, கழற்றிவிட்டார்கள். ஆனால் அன்று தொடங்கிய பழக்கம் விடவில்லை. பிரிட்டன் மின்சாரத்தில் புதிதாக எதையாவது செய்து பார்க்க நினைத்தபோதெல்லாம் ஓர்க்னிக்கு வந்தது. மின்சாரச் சந்தையை எப்படி மாற்றியமைத்தால் பசுமைத் தொழில்நுட்பம் வளரும், எப்படி மாற்றினால் அது பட்டுப்போகும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. மூன்று இயந்திரங்களின் கதையாக அதைச் சொல்கிறேன்: மலைமேல் நின்ற ஒரு காற்றாலை, அலையில் நெளிந்த ஒரு பாம்பு, நீரோட்டத்தில் மிதக்கும் ஒரு மஞ்சள் குழாய்.

மலைமேல் நின்ற காற்றாலை

முதல் இயந்திரம் பர்கர் ஹில் என்ற குன்றின்மேல் 1987-இல் ஓடத் தொடங்கியது. 3 மெகாவாட் திறன். இறக்கைகள் சுழலும் வட்டத்தின் விட்டம் 60 மீட்டர். அன்றைய உலகில் அது ராட்சதம். அரசுப் பணத்தில், அரசு மின்வாரியத்துக்காக, பிரிட்டனின் பெரிய பொறியியல் நிறுவனங்கள் கூடிச் செய்தது.

அது வாரியங்களின் காலம். இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மத்திய மின் உற்பத்தி வாரியம் ஒன்று. ஸ்காட்லாந்துக்குத் தனி வாரியங்கள். மத்திய வாரியத்திடம் லெதர்ஹெட், பெர்க்லி, மார்ச்வுட் என்று மூன்று பெரிய ஆய்வகங்கள் இருந்தன. செலவை நுகர்வோர் கட்டணத்தில் சேர்த்துவிடலாம் என்பதால், இருபது ஆண்டு கழித்துப் பலன் தரும் ஆராய்ச்சிக்கும் அங்கே ஆள் இருந்தது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் தயாரில்லை. அணுமின்சாரத்துக்குப் போன பணத்தோடு ஒப்பிட்டால் காற்றுக்கும் அலைக்கும் கிடைத்தது சில்லறை. 1974-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்டர், அலையில் தலையாட்டி மின்சாரம் எடுக்கும் ‘வாத்து’ என்ற கருவியை உலகுக்குக் காட்டினார். அதையொட்டி எழுந்த அலை ஆராய்ச்சித் திட்டத்தை 1982-இல் வெட்டியது தனியார் சந்தை அல்ல, அரசேதான். பர்கர் ஹில் காற்றாலையிலும் ஒரு பெரிய பிழை இருந்தது: சின்ன இயந்திரங்களில் பழகாமல் ஒரே தாவலில் 3 மெகாவாட்டுக்குப் போனது. அதே காலத்தில் டென்மார்க்கில் விவசாயிகளும் பட்டறைக்காரர்களும் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். 1978-இல் ரீசோ ஆய்வு நிலையத்தில் காற்றாலைச் சோதனைக்கூடம் திறந்தார்கள். அங்கே தேறிய இயந்திரத்தை வாங்குபவருக்கு 1979 முதல் விலையில் 30 சதவீதத்தை அரசு கொடுத்தது. உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. பத்து இயந்திரம் செய்து, உடைந்ததைப் பார்த்து, பதினோராவதைத் திருத்திச் செய்ய அவர்களுக்கு இடம் இருந்தது.

1990: வாரியம் உடைந்தது

மின்துறையைத் தனியாருக்கு விற்பதற்காக, 1990 மார்ச் 31 அன்று மத்திய வாரியம் நான்காகப் பிரிக்கப்பட்டது. நேஷனல் பவர், பவர்ஜென் என்று இரண்டு அனல்மின் நிறுவனங்கள்; அரசிடமே தங்கிய அணுமின் நிறுவனம்; மின்கடத்தலுக்கு நேஷனல் கிரிட். மின்சாரம் அரை மணிக்கு ஒரு விலையில் பொதுச் சந்தையில் விற்கப்பட்டது. உலகம் முழுவதும் பின்னால் செய்துகொண்ட மின்துறைச் சீர்திருத்தங்களுக்கு இதுவே முன்மாதிரி ஆனது.

ஆராய்ச்சிக்கு என்ன ஆனது? லெதர்ஹெட் ஆய்வகம் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. போட்டி நிறுவனத்துக்கும் சேர்த்துப் பலன் தரக்கூடிய கண்டுபிடிப்புக்கு ஒரு நிறுவனம் ஏன் தன் பங்குதாரரின் பணத்தைச் செலவழிக்கும்? விநியோக நிறுவனங்களின் நிலை இன்னும் மோசம். ஒழுங்குமுறை ஆணையம் ஆண்டுக்கு ஆண்டு கட்டணத்தை இறுக்கியதால், செலவைக் குறைப்பது மட்டுமே லாபத்துக்கு வழி. அவற்றின் ஆராய்ச்சிச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலைக்கு வந்தது. ஆணையமே பிழையை உணர்ந்து 2010-இல் 50 கோடி பவுண்டு நிதி ஒதுக்கி, மின்கம்பி வலையான மின்தொடரில் புதுமைகளைத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று.

மறுபக்கமும் உண்டு. இதை ஆராய்ந்த பொருளியலாளர்கள் டூராஜ் ஜமாஸ்ப், மைக்கேல் பொலிட் இருவரும், ஆராய்ச்சிச் செலவு சரிந்த பிறகும் அணுசக்தி அல்லாத துறைகளிலும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியிலும் காப்புரிமைகள் அதிகரித்ததைக் காட்டினார்கள். குறைந்த பணம் கூர்மையாகச் செலவாகியிருக்கிறது என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் செலவின் வீழ்ச்சி நீடித்தால் நாளைய கண்டுபிடிப்புக்கான விதைநெல் தீர்ந்துவிடும் என்ற கவலையையும் அவர்களே எழுதினார்கள். முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டிச் சந்தையைப் புகழ்பவர்கள் இரண்டாம் பாதியையும் படிக்க வேண்டும்.

புதிய சந்தை ஒரு தொழில்நுட்பத்தை வாரி அணைத்துக்கொண்டது: எரிவாயுச் சுழலியும் நீராவிச் சுழலியும் இணைந்த மின்நிலையம். கட்டச் செலவு குறைவு, கட்டும் காலம் குறைவு, நிலக்கரியைவிடத் திறன் அதிகம். 1990-இல் மின் உற்பத்தியில் கணக்கில் வராத இடத்தில் இருந்த எரிவாயு, பத்தாண்டுகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தைப் பிடித்தது. கரிப்புகையும் குறைந்தது. ஆனால் அந்தச் சுழலி விமான எஞ்சின் ஆராய்ச்சியில் பல பத்தாண்டுகள் பொதுப்பணத்தில் முதிர்ந்து வந்தது. சந்தை பழுத்த பழத்தைப் பறித்தது, அதில் தவறில்லை. மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பதற்கு மட்டும் அதனிடம் பதில் இல்லை.

காற்றுக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு அல்லாத மின்சாரத்தில் ஒரு பங்கை விநியோக நிறுவனங்கள் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதி. அணுமின்சாரத்தைக் காப்பாற்றவே அது முதலில் வந்தது, அதற்காக மின்கட்டணத்தோடு திரட்டிய தீர்வையில் பெரும்பகுதியும் அங்கேதான் போனது. 1990 முதல் 1998 வரை ஐந்து சுற்று ஏலம் நடந்தது. இரண்டாம் சுற்றில் யூனிட்டுக்கு 11 பென்ஸ் பெற்ற காற்றாலைகள் ஐந்தாம் சுற்றில் 3 பென்ஸுக்கும் கீழே இறங்கின. காகிதத்தில் பெரும் வெற்றி. நிலத்திலோ, ஒப்பந்தம் பெற்ற திறனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கட்டப்பட்டது. கட்டாவிட்டால் அபராதம் கிடையாது என்பதால், விலை மேலும் இறங்கும் என்று நம்பி யார் வேண்டுமானாலும் குறைவாகக் கேட்கலாம்.

அந்த ஏலம் உள்நாட்டு இயந்திரத் தொழிலை என்ன செய்தது என்பதற்கு டெலபோல் சாட்சி. கார்ன்வால் பகுதியின் அந்த ஊரில் 1991 டிசம்பரில் பிரிட்டனின் முதல் வணிகக் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. பத்து காற்றாலைகள், பத்தும் டென்மார்க்கின் வெஸ்டாஸ் செய்தவை. மிகக் குறைந்த விலைக்கு ஒப்புக்கொண்டவர், சோதித்துத் தேறிய இயந்திரத்தைத்தான் வாங்குவார். அது டென்மார்க்கில் இருந்தது. பர்கர் ஹில் ராட்சதத்தைச் செய்த கூட்டு நிறுவனம் 1990-களின் இறுதியில் ஒரு டேனிஷ் நிறுவனத்தின் கைக்குப் போனது. குன்றின்மேல் நின்ற இயந்திரத்தை 2000-இல் இடித்துத் தள்ளினார்கள்.

சான்றிதழ்க் காலம்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 2001-இல் சந்தை விதிகள் மாறின. முன்கூட்டிச் சொன்ன அளவுக்கும் உண்மையில் தந்த அளவுக்கும் வேறுபாடு இருந்தால் தண்டத்தொகை. காற்று சொல்லிவிட்டு வீசுவதில்லை. சிறு உற்பத்தியாளர்கள் அடிபட்டார்கள். 2002-இல் சான்றிதழ் முறை வந்தது: புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை எந்த வழியில் உற்பத்தி செய்தாலும் 1,000 யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ்; அதை மின்விற்பனை நிறுவனங்களுக்கு விற்றுக் காசாக்கலாம். எல்லோருக்கும் சமம் என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. குப்பைமேட்டு வாயுவுக்கும் கடலுக்குள் நடும் காற்றாலைக்கும் ஒரே கூலி என்றால், யார் கடலுக்குப் போவார்கள்? 2009-இல் அதைத் திருத்தி, முதிராத தொழில்நுட்பத்துக்குக் கூடுதல் சான்றிதழ் கொடுத்தார்கள். கடல் காற்றாலைகள் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தன. 2013-இல் தேம்ஸ் கழிமுகத்துக்கு வெளியே 175 காற்றாலைகளோடு லண்டன் அரே நின்றது.

அலையில் நெளிந்த பாம்பு

இரண்டாவது இயந்திரம் பெலாமிஸ். எடின்பரோவில் சால்டர் வளர்த்த சிந்தனை மரபில் வந்த பொறியாளர்கள் 1998-இல் தொடங்கிய நிறுவனம் செய்தது. எஃகு உருளைகளை மூட்டு மூட்டாகக் கோத்த நீண்ட பாம்பு. அலை வரும்போது மூட்டுகள் வளைய, அந்த வளைவிலிருந்து மின்சாரம். 2003-இல் ஓர்க்னியில் ஐரோப்பியக் கடல் எரிசக்தி மையம் பொதுப்பணத்தில் திறக்கப்பட்டிருந்தது. கடலுக்கடியில் கேபிள் போட்டு, “உங்கள் இயந்திரத்தைக் கொண்டுவந்து செருகுங்கள்” என்று உலகத்தை அழைத்த இடம். 2004-இல் பெலாமிஸ் அங்கிருந்து தேசிய மின்தொடருக்கு மின்சாரம் அனுப்பியது. மிதக்கும் அலைக்கருவி ஒன்று அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

இங்கேதான் 2013-இன் எரிசக்திச் சட்டம் வருகிறது. ‘மின்சந்தைச் சீர்திருத்தம்’ என்பது அந்தத் திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரே. அதன் உயிர்நாடி விலை வேறுபாட்டு ஒப்பந்தம். 1,000 யூனிட்டுக்கு 57.50 பவுண்டு என்று ஒப்பந்தம் போட்டால், சந்தை விலை 40 ஆகும்போது மீதி 17.50 பவுண்டை அரசு நிறுவிய கம்பெனி கொடுக்கும். சந்தை விலை 200 ஆனால் 142.50 பவுண்டை உற்பத்தியாளர் திருப்பிக் கட்டுவார். 15 ஆண்டுகளுக்கு விலைவாசியோடு சேர்ந்து உயரும் உறுதியான வருமானம். காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை. செலவு முழுவதும் தொடக்கத்திலேயே கடன் வாங்கிப் போடுவது. எனவே அதன் மின்சார விலையைத் தீர்மானிப்பதில் காற்றுக்கு நிகரான இடம் வட்டி விகிதத்துக்கு உண்டு. வருமானம் உறுதி என்றால் வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தரும்.

பலன் கண்கூடு. 2015-இன் முதல் ஏலத்தில் கடல் காற்றாலை பெற்ற விலை, 2012-ஆம் ஆண்டுப் பண மதிப்பில், 1,000 யூனிட்டுக்கு 114 முதல் 120 பவுண்டு. 2017-இல் 57.50 வரை இறங்கியது. 2019-இல் 39.65 வரை. இயந்திரமும் வளர்ந்தது: லண்டன் அரேயில் 3.6 மெகாவாட், ஹார்ன்சீ-2 பண்ணையில் 8 மெகாவாட், டாகர் பேங்கில் 13 மெகாவாட், அதற்கு 107 மீட்டர் நீள இறக்கை. ஹல் நகரில் சீமென்ஸ் 2016-இல் இறக்கைத் தொழிற்சாலை திறந்தது. (அந்த சீமென்ஸின் காற்றாலைப் பிரிவே 2004-இல் டென்மார்க்கின் போனஸ் நிறுவனத்தை வாங்கி எழுந்ததுதான்.) இதைப் புதுமை இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடித்தளம் நடும் கப்பல், கேபிள், பழுதுபார்க்கும் முறை என்று ஒவ்வொன்றையும் ஆயிரம் கைகள் திருத்தித் திருத்திச் செய்த புதுமை அது. ஆனால் அந்த இயந்திரம் ஏற்கெனவே பத்தாண்டுக் காலம் சான்றிதழின் நிழலில் வளர்ந்துவிட்ட பிள்ளை.

பாம்புக்கு அந்த வயது வரவில்லை. முதல் ஏலத்தில் அலைக்கும் நீரோட்டத்துக்கும் சேர்த்து 100 மெகாவாட் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அளவுக்கு ஒப்பந்தம் போட ஒரு கருவியும் தயாராக இல்லை. யாருக்கும் ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அடுத்த ஏலத்தில் ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டார்கள். தவழும் குழந்தையை வயது வந்த கடல் காற்றாலையோடு ஒரே ஓட்டப்பந்தயத்தில் நிறுத்தியாயிற்று. அதற்குள் பெலாமிஸ் 2014 நவம்பரில் திவாலாகிவிட்டது. ஓராண்டு கழித்து, ஓர்க்னியில் வேறொரு அலைக்கருவியைச் சோதித்துவந்த அக்வாமரீன் நிறுவனமும் போனது. சந்தை விதிகள்மேல் மட்டும் பழி போட முடியாது. கடல் கொடுத்த அடியும் சேர்ந்தே இருந்தது. ஆனால் அடி வாங்கி எழுந்து அடுத்ததைச் செய்யப் பணம் போட ஒருவரும் இல்லாததற்குக் காரணம், விலை போகும் நாள் ஒன்று கண்ணுக்குத் தெரியாததே.

விலை குறைவதை மட்டும் பார்த்துக் கைதட்டும் பழக்கம் நமக்கும் பழக்கமானதுதான். 2017 பிப்ரவரியில் இந்தியாவின் முதல் தேசிய காற்றாலை ஏலத்தில் யூனிட் 3.46 ரூபாய்க்கு இறங்கியது. 2016-17-இல் நாடு முழுவதும் 5,500 மெகாவாட் நிறுவிய தொழில், அடுத்த ஆண்டில் 1,800 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை. பழைய நிர்ணய விலையை நம்பிச் சிறு அளவில் காற்றாலை நிறுவிவந்த முதலீட்டாளர்களுக்கு அந்த ஏலங்களில் இடமில்லை. தமிழகக் கரைக்கு அப்பால் 500 மெகாவாட், குஜராத் கரைக்கு அப்பால் 500 மெகாவாட் என்று கடல் காற்றாலைக்கு 2024-இல் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியபோது, இளம் தொழில்நுட்பத்தைப் பொது ஏலத்தில் தள்ளாமல் தனியே தூக்கிவிட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டதாகவே அதை வாசிக்கிறேன்.

2023: யாரும் வராத ஏலம்

பிரிட்டனில் விலைப் பந்தயம் எங்கே போய் முட்டும் என்பது 2023 செப்டம்பரில் தெரிந்தது. உக்ரைன் போருக்குப் பிறகு எஃகும் வட்டியும் ஏறியிருந்தன. 2022-இல் 37.35 பவுண்டுக்கு ஒப்பந்தம் பெற்ற நார்ஃபோக் போரியாஸ் கடல் காற்றாலைத் திட்டத்தை, செலவு 40 சதவீதம் வரை கூடிவிட்டதென்று வாட்டன்ஃபால் நிறுவனம் 2023 ஜூலையில் நிறுத்தியது. ஆனாலும் ஐந்தாம் ஏலத்தின் உச்சவரம்பை அரசு 44 பவுண்டிலேயே வைத்தது. முடிவு வந்தபோது ஒரு கடல் காற்றாலைகூட இல்லை. அடுத்த ஏலத்துக்கு உச்சவரம்பை 73 பவுண்டாக உயர்த்த வேண்டியிருந்தது.

ஆறாம் ஏலத்தில் 58.87 பவுண்டுக்கு வென்ற ஹார்ன்சீ-4 கடல் காற்றாலைத் திட்டத்தையும் 2025 மே மாதத்தில் ஓர்ஸ்டட் நிறுவனம் நிறுத்திவிட்டது. இந்தப் பின்னணியில்தான் புதிய காற்றாலை ஒப்பந்தங்களின் காலம் 15-இலிருந்து 20 ஆண்டுகளாக நீட்டப்பட்டது.

மஞ்சள் குழாய்

மூன்றாவது இயந்திரம் ஓ2. 74 மீட்டர் நீளமான மஞ்சள் நிற மிதவை; இருபுறமும் நீருக்குள் இறங்கும் கைகளில் ஆளுக்கொரு சுழலி; மொத்தம் 2 மெகாவாட். ஆர்பிட்டல் நிறுவனம் டண்டியில் கட்டி 2021 ஏப்ரலில் கடலில் இறக்கி, ஓர்க்னியின் ஈடே தீவருகே நீரோட்டத்தில் கட்டியது. கட்டுவதற்கான பணத்தில் 70 லட்சம் பவுண்டு இணையவழியாகச் சிறு முதலீட்டாளர்களிடம் திரட்டியது. பெருவங்கிகள் திரும்பிப் பார்க்காத காலத்தில் ஊர்ப்பணம்தான் அதை மிதக்க வைத்தது.

நீரோட்ட மின்சாரத்துக்குக் காற்றிடம் இல்லாத ஒரு குணம் உண்டு. நிலவின் ஓட்டத்தைக் கணக்கிட்டு, பத்து ஆண்டு கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மாலை எவ்வளவு கிடைக்கும் என்று இன்றே சொல்லிவிடலாம். பொது ஏலத்தில் அந்தக் குணத்துக்கு ஒரு பென்னிகூடக் கூடுதல் மதிப்பில்லை. 2017, 2019 இரண்டு ஏலங்களிலும் அது வெறுங்கையோடு திரும்பியது.

2021 நவம்பரில் ஒரு சிறிய திருத்தம் வந்தது. நான்காம் ஏலத்தில் நீரோட்டத்துக்கென்று ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு தனியே ஒதுக்கினார்கள். மொத்த மின்சாரச் செலவோடு ஒப்பிட்டால் அது கடுகு. ஆனால் 2022 ஜூலையில் நான்கு திட்டங்கள், சுமார் 41 மெகாவாட், 178.54 பவுண்டு விலையில் ஒப்பந்தம் பெற்றன. ஆர்பிட்டலும் அதில் இருந்தது. 2023-இல் கடல் காற்றாலை வராத அதே ஏலத்தில் 11 நீரோட்டத் திட்டங்கள் 198 பவுண்டுக்கு வந்தன. 2024-இல் விலை 172-க்கு இறங்கியது. போட்டி இங்கேயும் இருக்கிறது. ஒத்த வயதினருக்குள் இருக்கிறது. இந்த நிகழ்வில் என்னை மிகவும் தொட்ட இடம் இதுதான். ஏலத்தைத் தூக்கி எறிய வேண்டியிருக்கவில்லை, வாரியத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. யாரை யாரோடு ஓடவிடுவது என்பதை மாற்றியது போதுமாக இருந்தது. பெலாமிஸ் பிழைத்திருந்த காலத்திலேயே அலைக்கு ஏற்ற அளவில் அதைச் செய்திருக்கலாம் என்பது மட்டும் ஆறாத வருத்தம்.

ஓர்க்னியின் தலைவலி இப்போது வேறு. 2013 முதலே தீவுகள் தம் தேவைக்கும் அதிகமாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் உற்பத்தி செய்கின்றன; நிலப்பரப்புக்குப் போகும் கேபிள்கள் நிரம்பிவிட்டால், காற்று வீசும்போதே காற்றாலையை நிறுத்த வேண்டும். இந்த நெருக்கடியிலிருந்தே புதுமைகள் பிறந்தன: 2009-இல் காற்றாலைகளைக் கணினி நொடிக்கு நொடி கட்டுப்படுத்தும் மின்தொடர், பின்னர் ஈடே தீவில் மிஞ்சிய மின்சாரத்தில் ஹைட்ரஜன். ஸ்காட்லாந்தில் மலிவு, லண்டனில் அதிகம் என்று வட்டாரத்துக்கு ஒரு விலை வைத்திருந்தால் சேமிப்புக் கலன்களும் ஹைட்ரஜனும் தாமாக வடக்கே போயிருக்கும் என்று ஒரு தரப்பு வாதிட்டது. காற்றாலைக்காரர்களோ, நாளைய வட்டார விலை தெரியாமல் வங்கி எப்படிக் கடன் தரும் என்று கேட்டார்கள். மூன்று ஆண்டு விவாதத்துக்குப் பின், 2025 ஜூலையில் அரசு நாடு முழுவதற்கும் ஒரே விலை தொடரும் என்று முடிவு செய்தது. கலன்களும் ஹைட்ரஜனும் இழந்தது என்ன என்பது பத்தாண்டுக்குப் பிறகே தெரியும்.

தெற்கே, பென்ட்லாந்து நீரிணையின் அடியில் மேஜென் நீரோட்ட மின்திட்டத்தின் நான்கு சுழலிகள் கிடக்கின்றன. 2016 இறுதியிலும் 2017 தொடக்கத்திலும், சான்றிதழ் முறை மூடப்படுவதற்குச் சற்று முன், அந்தப் பழைய விதியின்கீழ் உள்ளே நுழைந்தவை. அதன் விரிவாக்கம் ஒப்பந்தமில்லாமல் 2022 வரை நின்றது. அந்த நான்கில் ஒன்று, எதிர்பாராத பழுதுக்கென்று ஒருமுறைகூடக் கரையேறாமல், ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடலடியில் சுழன்றிருக்கிறது என்ற செய்தி 2025 ஜூலையில் வந்தது.